அளவை பிறழ்ந்த வாணிகம்

பொருளீட்டுதல் இல்வாழ்வார்க்கு விலக்கப்பட்டதன்று. அறுபத்து மூவருள் இயற்பகையாரும் மூர்த்தியாரும் அமர்நீதியாரும் வணிகர் குலத்தினர். காரைக்காலம்மையார் தோன்றியதும் வணிகர் மனையிலேயாம். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலை பட்டினப்பாலையுட் புகழப்பட்டது. ஆதலின் வாணிகத்தை வாணிகமென்னும் அளவிற் பழித்தல் சைவர்க்குப் பொருந்தாது. பழிக்கப்படுவது பிறிதொன்று. அஃதாவது, பொய்யை முதலாக இட்டு, அதனின்றும் ஊதியம் பெற்று, அவ்வூதியத்தின் ஒரு கூற்றை மீண்டும் பொய்யிலேயே இட்டுப் பெருக்கும் முறைமை. முதலாளித்துவ சமுதாயம் என்று இக்காலத்தார் வழங்குவதன்கண் இம்முறைமை வேரூன்றி நிற்றலும், அதனை மறைத்தற்குக் கற்றாருட் சிலர் கூறும் சமாதானங்கள் பொருந்தாமையும் ஈண்டு ஆராயப்படும்.

அவர் கூறுவன மூன்று. வஞ்சம் ஒருசில தீயோரின் செயலேயன்றி முறைமையின் குற்றமன்று என்பது ஒன்று. பொய்யனிடம் மறுமுறை வாங்குவார் இலராதலின் சந்தையே அவனை வெளியேற்றிவிடும் என்பது மற்றொன்று. ஏமாந்தவன் தன் அறியாமையாலும் பேராசையாலுமே ஏமாந்தான். ஆராய்ந்து வாங்குதல் வாங்குவோன் கடனேயன்றி விற்போன்மேற் பழியில்லை என்பது மூன்றாவது. கேட்குந்தோறும் இனியவாகத் தோன்றும் இம்மூன்றும் உண்மையை ஆராயுங்கால் நில்லா என்பது மேல் வருவனவற்றால் விளங்கும்.

சந்தையிற் புகுந்து ஒரு பொருளைக் கொள்வான் அதன் இயல்பை எதனால் அறிகின்றான்? சித்தாந்த நூலார் அளவைகளைப் பலவாக விரித்துக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குவர். முப்பொருளுண்மையை ஆராய்வானுக்கு இம்மூன்றும் எத்துணை வேண்டப்படுவனவோ, அத்துணையே கடைத்தெருவில் நிற்பானுக்கும் வேண்டப்படும். கண்டறிவான், கண்டதிலிருந்து கருதியறிவான், இரண்டும் செல்லாவிடத்துத் தக்கார் உரை கேட்டறிவான். இவையன்றி அவனுக்கு வேறு கருவியில்லை.

பண்டைக் காலத்து வஞ்ச வணிகன் படிக்கல்லைக் குறைத்தான். பாலில் நீர் கலந்தான். அவன் கெடுத்தது பொருளையே. வாங்குவோனுடைய கண்ணும் நாவும் அறிவும் கெடாது நின்றமையின், அவன் சின்னாளில் உண்மையுணர்ந்து வேறு கடை நாடினான். இக்காலத்துப் பெருமுதல் செய்யும் வஞ்சமோ பொருளைக் கெடுப்பதனோடு அமையாது, பொருளை அறியும் அளவையையே கெடுக்கின்றது. அளவை கெட்டபின், ஆராய்ந்து வாங்குக என்று கூறுதல் விளக்கை அவித்துவிட்டு வழி பார்த்து நடக்க என்று கூறுதலோடொக்கும். இவ்வேறுபாட்டை அறியாதார் வஞ்சத்தின் இக்கால இயல்பை அறியாதாரே ஆவர்.

காண்டலைக் கெடுத்தமை

ஜெர்மனி தேசத்து வோக்ஸ்வாகன் கம்பெனியார் டீசல் எண்ணெயால் ஓடும் தம் மோட்டார் வண்டிகளைத் தூய்மையானவை என்று விளம்பரப்படுத்தி அமெரிக்காவில் விற்றனர். வண்டி கக்கும் நச்சுப்புகையை அளக்கும் சோதனைச் சாலையில் அவ்வண்டிகள் சட்டம் வகுத்த எல்லையைக் கடவாமல் நின்றன. 2013-ஆம் ஆண்டில் மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் அளவுகருவிகளை வண்டியிலேயே ஏற்றிச் சாலையில் நெடுந்தூரம் ஓட்டி அளந்தனர். சாலையில் வெளிப்பட்ட நச்சுப்புகை சோதனைச் சாலையிற் கண்டதற்குச் சிறிதும் ஒவ்வாதிருந்தது. 2015 செப்டம்பர் 18-ஆம் நாள் அமெரிக்க அரசின் சுற்றுச்சூழற் பாதுகாப்பு நிறுவனம் அதன் காரணத்தை உலகறிய வெளியிட்டது.

வண்டியின் கணினியுள் ஒரு மறைவான கட்டளைத் தொகுதி அமைக்கப்பட்டிருந்தது. வண்டியைத் திருப்பும் சக்கரத்தின் நிலை, வேகம், ஓடும் நேரம், காற்றழுத்தம் ஆகியவற்றைக் கொண்டு, தான் சோதிக்கப்படுவதை அஃது உணரும். உணர்ந்தவழிப் புகையைத் தூய்மை செய்யும் உறுப்புக்களை முற்றும் இயக்கும். சாலையிற் சென்றபின் தளர்த்திவிடும். தளர்த்தியவிடத்து வெளிப்பட்ட நைட்ரஜன் ஆக்ஸைடு என்னும் நச்சு சட்டத்தின் எல்லைக்கு 40 மடங்கு வரை மிகுந்தது. உலகெங்கும் ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் இத்தகைய கட்டளைத் தொகுதி இருந்ததாகக் கம்பெனியாரே கூறினர். 2017-ல் அமெரிக்க நீதிமன்றத்திற் குற்றத்தையும் ஒப்புக்கொண்டனர்.

பழுதையை அரவென்று காணுதல் திரிவுக்காட்சிக்கு நூல்களில் வழங்கும் உதாரணம். அங்கே குற்றம் மங்கிய ஒளியினுடையது, அல்லது காண்பான் கண்ணினுடையது. பழுதை தானாக அரவாய் நடித்ததில்லை. ஈண்டு நிகழ்ந்ததோ வேறு. அளந்த கருவி பழுதன்று. அளந்தவர் கண்ணும் பழுதன்று. காணப்படும் பொருளே காண்பானை அறிந்துகொண்டு, அவன்முன் ஒரு வேடமும் அவன் அகன்றபின் மற்றொரு வேடமும் பூண்டது. காட்சிக்கு இதனினும் பெரிய கேடு செய்தல் அரிது. ஆராய்ந்து வாங்குக என்பார், அரசின் சோதனைச் சாலையே காணமாட்டாததை மனைவி மக்களோடு வண்டி வாங்க வந்த ஒருவன் எவ்வாறு கண்டிருத்தல் கூடும் என்பதற்கு விடை கூறுதல் வேண்டும்.

அன்றியும், இஃது ஒரு பொழுதின் மனத்தளர்ச்சியால் நேர்ந்த பிழையுமன்று. அமெரிக்காவில் 2009-ஆம் ஆண்டு வண்டிகள் முதல் 2015-ஆம் ஆண்டு வண்டிகள் வரை இது தொடர்ந்தது. கற்றுத் தேர்ந்த பொறிவல்லார் கூடி அமைத்தாலன்றி இத்தகைய கருவி அமையாது. பொய்யைச் செய்தற்கும் கூலி கொடுத்து ஆளமர்த்தும் நிலையில், அப்பொய் ஒரு தனியாளின் இழுக்கென்று எவரும் கூறார். அது தொழிலின் ஒரு பகுதியாயிற்று.

கருதலைக் கெடுத்தமை

மலையிற் புகை கண்டு அங்கே நெருப்புண்டென்று துணிதல் கருதலளவைக்கு நூலோர் காட்டும் உதாரணம். புகையென்னும் ஏதுவுக்கும் நெருப்பென்னும் துணிபொருளுக்கும் நீங்காத் தொடர்பு உண்மையின் அத்துணிவு பிறக்கின்றது. அத்தொடர்பின்கண் ஐயத்தை விளைத்துவிடின், புகை கண்ணெதிரே நின்றும் நெருப்பு அறியப்படாது. அமெரிக்கச் சிகரெட்டுக் கம்பெனியார் செய்தது இதுவே.

1950-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டால், ஹில் என்பாரும், அமெரிக்காவில் விண்டர், கிரகாம் என்பாரும் நுரையீரற் புற்றுநோயுற்றாரை ஆராய்ந்து, புகைத்தலுக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பைத் தனித்தனியே வெளியிட்டனர். 1953 டிசம்பரில் சிகரெட்டுக் கம்பெனிகளின் தலைவர்கள் நியூயார்க்கு நகரத்து விடுதி ஒன்றிற் கூடி, மக்கள் கருத்தை வசப்படுத்தும் தொழில் செய்யும் நிறுவனம் ஒன்றைத் துணைக்கொண்டனர். 1954 ஜனவரி 4-ஆம் நாள் நானூற்றுக்கு மேற்பட்ட பத்திரிகைகளில் அவர்தம் அறிக்கை வெளிவந்தது. மக்களின் நலமே தமக்குத் தலையாய கடமை என்றும், தம் சரக்குத் தீங்கு பயப்பதாகத் தாம் நம்பவில்லை என்றும், உண்மையை அறிதற்கு ஆராய்ச்சிக்குழு அமைப்பதாகவும் அதிற் கூறியிருந்தனர்.

இவ்வறிக்கையின் நுட்பம் உற்றுநோக்கத் தக்கது. புகைத்தல் நன்றென்று நிறுவ அவர் முற்பட்டிலர். நிறுவப் புகின் தோற்பர். தீதென்று முடிவாகத் துணியப்படாமையே அவர் வேண்டியது. பொய் கூறுவான் தன் பொய்யை நிலைநாட்டல் வேண்டும். ஐயம் விளைப்பானுக்கு அவ்வருத்தமில்லை. ஒரு நாள் நீட்டித்தால் ஒரு நாளை விற்பனை. பத்தாண்டு நீட்டித்தால் பத்தாண்டு விற்பனை. அக்கம்பெனிகளுள் ஒன்றாகிய பிரௌன் அண்டு வில்லியம்சன் கம்பெனியின் வழக்கறிஞர் 1963-ல் எழுதிய உட்குறிப்பில், நிகோட்டின் விடமுடியாப் பழக்கத்தை உண்டாக்குவதென்றும், தாம் விற்பது அதனையே என்றும் ஒப்பியிருக்கிறார். அக்கம்பெனியின் 1969-ஆம் ஆண்டுக் குறிப்பொன்று இன்னும் ஒருபடி சென்று, ஐயத்தையே தம் சரக்கெனக் குறித்தது. இவையெல்லாம் பெட்டகத்துள் இருப்ப, 1994 ஏப்ரல் 14-ஆம் நாள் அமெரிக்க மக்கட்சபையின் குழுவின்முன் ஏழு கம்பெனிகளின் தலைவர்கள் ஆணையிட்டு நின்று, நிகோட்டின் அடிமைப்படுத்துவதென்று தாம் கருதவில்லை என்று ஒருவர்பின் ஒருவராக உரைத்தனர். 2006 ஆகஸ்டு 17-ஆம் நாள் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், இக்கம்பெனியார் பல்லாண்டுகளாக மக்களை வஞ்சித்தனர் என்று விரிவாகத் தீர்ப்பு வழங்கினார்.

சைவ மரபில் ஐயம் இழிந்ததன்று. மாணாக்கன் ஐயுற்று வினவ, ஆசிரியன் தெளிவிப்பன். நூல்கள் தடைவிடையாக நடத்தலும் இதுபற்றியே. அங்கே ஐயம் தெளிவின் வாயில். ஈண்டு ஐயமே முடிந்த முடிபு. அதனைக் கடந்து செல்லாதபடி காவலிடுதற்கே ஆராய்ச்சியென்னும் பெயர் பூண்ட குழு அமைக்கப்பட்டது. ஆராய்ச்சியின் உருவைக்கொண்டே ஆராய்ச்சியின் பயனைத் தடுத்தல் எத்துணைக் கொடிது! தந்தையை நோய்க்குப் பறிகொடுத்த மக்கள், அந்நாளிலே இன்னும் முடிவு தெரியவில்லையாமே என்று அவர் கூறிப் புகைத்ததை நினைவர். அச்சொல் அவருடையதன்று, விலைகொடுத்து அவர் வாயில் இடப்பட்டது.

உரையைக் கெடுத்தமை

காண்டலும் கருதலும் செல்லாவிடத்து உரையே துணை. உரை அளவையாவது, உரைப்போன் விருப்பு வெறுப்பின்றி உள்ளதை உள்ளவாறு அறிந்து உரைப்போனாதல் பற்றியே. இறைவன் அருளிய நூல் மேலான பிரமாணமாதற்கும் இதுவே காரணம்: அவன் தனக்கென வேண்டுவதொன்றிலன். உலகியலில் அத்தகைய முழுமை இல்லையெனினும், உரைப்போன் தன் உரையால் ஊதியம் பெறாதிருத்தல் வேண்டுமென்பது எளியோரும் அறிந்த நியாயம். வழக்காளி கொடுக்கும் பொருளை வாங்கிக்கொண்டு தீர்ப்புக் கூறுவானை நடுவன் என்பாரில்லை.

கடன்பத்திரங்களை ஆராய்ந்து இன்னது உயர்ந்தது, இன்னது தாழ்ந்தது என்று தரம் கூறும் நிறுவனங்கள் அமெரிக்காவில் உள்ளன. ஜான் மூடி என்பார் 1909-ல் இருப்புப்பாதைக் கம்பெனிகளின் பத்திரங்களுக்குத் தரம் கூறத் தொடங்கியபோது, அக்குறிப்புக்களைப் பணம் கொடுத்து வாங்கியோர் பத்திரத்தை வாங்க எண்ணியோரே. 1970-களில் முறை தலைகீழாயிற்று; பத்திரத்தை விற்போரே தரம் கூறுவோர்க்குக் கூலி கொடுக்கலாயினர். தராசு பிடிப்போன் கூலி நிறுக்கப்படுவோன் கையிலிருந்து வருவதாயிற்று. ஒருவர் உயர்தரம் கொடாவிடின் மற்றொருவரிடம் செல்லலாமென்பதை விற்போரும் அறிவர். தரம் கூறுவோரும் அறிவர்.

விளைவு மறைந்திலது. திருப்பிச் செலுத்தும் ஆற்றல் அற்றாரின் வீட்டுக்கடன்கள் கட்டுக்கட்டாகச் சேர்க்கப்பட்டு, பத்திரங்களாக்கப்பட்டு, யாவற்றினும் உயர்ந்த தரமெனும் முத்திரை பெற்றன. 2000 முதல் 2007 வரை மூடி நிறுவனம் ஒன்றே ஏறக்குறைய 45,000 வீட்டுக்கடன் பத்திரங்களுக்கு அத்தலையாய தரத்தை வழங்கிற்றென்றும், 2006-ல் அவ்வாறு தரம்பெற்றவற்றுள் நூற்றுக்கு 83 பின்னர்த் தாழ்த்தப்பட்டனவென்றும் அமெரிக்க அரசமைத்த விசாரணைக்குழுவின் 2011-ஆம் ஆண்டு அறிக்கை கூறும். 2008 செப்டம்பர் 15-ஆம் நாள் லீமன் பிரதர்ஸ் என்னும் பெருநிறுவனம் முறிந்தது. அதன்பின் உலகெங்கும் வேலையும் வீடும் இழந்தார் பலர். வழக்குத் தொடுத்தவிடத்துத் தரம் கூறியோர் சொல்லிய விடை யாது? தாம் கூறியது தமது அபிப்பிராயமே என்பது. விற்குங்கால் அது பிரமாணம். விசாரிக்குங்கால் வெறும் அபிப்பிராயம்! ஒரே முத்திரை இரண்டு நாக்குப் பெற்றிருந்தது.

இக்கேடு மேனாட்டார்க்கே உரியதென்று சைவர் மனம் ஆறியிருத்தற்கில்லை. சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபர் 22-ஆம் நாள் கதவடைத்தபோது, அதன் பழம்பெருமையை நம்பிச் சேமிப்பை ஒப்புவித்திருந்த எண்ணிறந்த குடும்பங்கள் கலங்கின. அதன் தலைவராயிருந்த சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் பின்னர்ப் 18 மாதக் கடுங்காவற்றண்டனை பெற்றார். ஐதராபாத்தில் சத்தியம் என்னும் பெயர் தாங்கிய கம்பெனியின் தலைவர் 2009 ஜனவரி 7-ஆம் நாள் தாமே எழுதிய கடிதத்தில், கணக்கிற் காட்டிய ரொக்கத்துள் 5,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்டது இல்பொருள் என்று வெளியிட்டார். அதற்குச் சில திங்கள் முன்னரே நன்னிர்வாகத்திற்கென ஒரு பரிசும் அக்கம்பெனிக்கு வழங்கப்பட்டிருந்தது. ஆண்டுதோறும் கணக்கை ஆராய்ந்து கையொப்பமிட்டோரும் இருந்தனர். அவர்க்குக் கூலி கொடுத்ததும் ஆராயப்பட்ட கம்பெனியே. பெயர் சத்தியம், பரிசு சான்று, கையொப்பம் சான்று. உள்ளே இருந்தது சூனியம்.

இவற்றினும் கொடியதொன்று உண்டு. நியூயார்க்கு நகரத்துப் பெர்னார்டு மேடாப் என்பான் பல்லாண்டுகளாகப் பிறர் முதலை வாங்கி, எதிலும் இடாமல், பின்வந்தோர் பணத்தை முன்வந்தோர்க்கு ஊதியமென்று கொடுத்துவந்தான். 2008 டிசம்பர் 11-ல் அவன் கைதானபோது, கணக்கேட்டில் மட்டும் இருந்த தொகை ஏறக்குறைய 6,500 கோடி டாலர். 2009-ல் 150 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவன் வலையில் வீழ்ந்தாருட் பலர் அவனுடைய யூத சமயத்தைச் சேர்ந்தோர். அச்சமூகத்தின் அறநிலையங்கள் பல. சமாதானத்திற்கான நோபெல் பரிசு பெற்ற எலீ வீசெல் என்பாரின் அறநிலையம் ஏறக்குறைய 1 கோடியே 50 லட்சம் டாலரை, அஃதாவது தன் முதலில் பெரும்பகுதியை, இழந்தது. நம்மவன், அறநிலையங்கட்குக் கொடுப்பவன், பெரியோரோடு பழகுபவன் என்பனவே அவன் காட்டிய பிரமாணங்கள்.

மெய்ப்பொருணாயனார் சரிதம் அறிந்தார்க்கு இது புதிதன்று. போரில் வெல்லமாட்டாத முத்தநாதன் திருநீறும் சடைமுடியும் புனைந்து, கையிற் புத்தகக் கட்டொன்று தாங்கி, எங்குமில்லா ஆகமம் கொணர்ந்ததாகக் கூறி உட்புகுந்தான். புத்தகக் கட்டினுள் இருந்தது உடைவாள். அரண்மனை வாயில்களை அவனுக்குத் திறந்தது வாளன்று, வேடமும் புத்தகமுமே. இக்காலத்து வஞ்சகரும் நம்பிக்கைக்குரிய கட்டினுள்ளேயே வாளை வைக்கின்றனர்: ஆராய்ச்சிக்குழு என்னும் கட்டு, தரமுத்திரை என்னும் கட்டு, சமய அன்பு என்னும் கட்டு.

தடைவிடை

அற்றேல், இவையெல்லாம் ஒருசில தீயோர் செயலே எனின், ஒவ்வாது. என்னை? மேற்காட்டிய மூன்றிடத்தும் ஆள் வேறு, நாடு வேறு, தொழில் வேறு, அமைப்பு ஒன்று. அறிவு விற்போனிடம் உள்ளது. ஊதியம் விற்போனுக்குச் செல்கின்றது. அளப்போன் விற்போன் கைப்பட்டவனாகின்றான், அல்லது அவனால் ஏமாற்றப்படுகின்றான். கேடு பிறன்மேல் விழுகின்றது. தீயோர் எக்காலத்தும் உளர். தீமைக்கு ஊதியமும் நன்மைக்கு நட்டமும் விளையும்படி வயலை உழுது வைத்தது யார் என்பதே வினா.

சந்தை பொய்யனை வெளியேற்றும் எனின், அம்மதத்தாருள்ளேயே அதனை மறுத்தார் உளர். ஜார்ஜ் அகர்லாப் என்னும் பொருளியலறிஞர் 1970-ல் எழுதிய கட்டுரை ஒன்றிற் பழைய மோட்டார் வண்டிச் சந்தையை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். வண்டியின் குற்றத்தை விற்போன் அறிவான், வாங்குவோன் அறியான். அறியாதவன் எல்லா வண்டிக்கும் ஒரு நடுத்தர விலையே கொடுக்கத் துணிவான். அவ்விலை நல்ல வண்டிக்குக் குறைவாதலின் நல்ல வண்டியுடையான் சந்தையை விட்டு நீங்குவான். எஞ்சுவன தீய வண்டிகளே. ஆகவே அறிவு ஒருபக்கமே நின்ற சந்தை வெளியேற்றுவது பொய்யனையன்று, மெய்யனையே. இவ்வாராய்ச்சியை உள்ளிட்ட பணிக்காக அவர்க்கு 2001-ல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. பரிசளித்துப் போற்றினார் கூற்றையே மறந்து, பழைய பாட்டையே பாடுதல் அறிஞர்க்கு அழகன்று.

நீதிமன்றம் தண்டிக்கின்றதே எனின், தண்டம் யார்மேல் விழுந்ததென்று நோக்குக. சிகரெட்டுக் கம்பெனியார் 1998 நவம்பரில் அமெரிக்காவின் 46 மாகாணங்களோடு செய்துகொண்ட உடன்படிக்கையால் 25 ஆண்டுகளில் 20,600 கோடி டாலர் கொடுக்க இசைந்தனர். இசைந்த அம்மாதத்திலேயே பெருங்கம்பெனியார் பெட்டி ஒன்றுக்கு 45 சென்ட் விலையேற்றினர். வஞ்சிக்கப்பட்டவனே வஞ்சகனின் தண்டத்தையும் செலுத்தலானான். கணக்கேட்டில் தண்டம் ஒரு செலவாக எழுதப்படுமிடத்து, அது தண்டமாகாது. பொய்க்குக் கட்டும் வரியாகும்.

வாங்குவோன் பேராசையே காரணம் எனின், மேடாப்பை நம்பியோருட் சிலர்க்கு அது பொருந்தலாம். தூய வண்டியென்று நம்பி அதற்கு விலைகொடுத்தவனுக்கு ஆசை யாது? முதுமைக்கென ஓய்வூதிய நிதியிற் சேர்த்தவனுக்கு, அந்நிதியார் தலையாய தரமென்னும் முத்திரையை நம்பி இட்டமைக்குக் குற்றம் யாது? ஆசையுள்ளவனை வஞ்சித்தல் குற்றமன்றாயின், பசியுள்ளவனுக்கு நஞ்சிடுதலும் குற்றமன்றாதல் வேண்டும்.

பொய் எல்லாச் சமுதாயத்தும் உண்டே. தனிமுதல் இல்லாத நாட்டில் இல்லையோ எனின், உண்டு. 1986 ஏப்ரல் 26-ல் செர்னோபில் அணுவுலை வெடித்ததைச் சோவியத் அரசினர் உடனே வெளியிடாது, சுவீடன் நாட்டார் காற்றில் நச்சுக்கதிர் கண்டு வினவிய பின்னர் 28-ஆம் நாள் மாலையிலேயே சுருக்கமாக அறிவித்தனர். அங்கும் அளப்போனும் அளக்கப்படுவோனும் ஒருவரேயாயிருந்தமை காண்க. பொய்யின் வித்து உயிர்களைப் பற்றிய ஆணவத்தின் மறைப்பே. அஃது எந்நாட்டிலும் முளைக்கும். ஆயினும் வித்து எங்குமுண்டென்பது, அதற்கு எருவிட்டு நீர்பாய்ச்சி விளைவைச் சந்தைக்கு அனுப்புவானுக்கு விடுதலையாகாது. முதலாளித்துவ சமுதாயம் பொய்யைப் படைத்ததென்பது ஈண்டுக் கூறப்படவில்லை. பொய்யை ஓர் உற்பத்திப் பொருளாக்கிற்று என்பதே கூறப்பட்டது.

இனிச் சைவருள்ளேயே ஒருசாரார் கூறும் தடை உண்டு: இழந்தார் இழந்தது அவர்தம் வினைப்பயன், அதனை மாற்ற முற்படுதல் வீண், சிவத்தை நினைந்து வாளா இருத்தலே தக்கது என்பது. இது வஞ்சகர்க்கு மிக உவப்பான சித்தாந்தம், சைவசித்தாந்தமன்று. வினை சடமாதலின் தானே வந்து ஊட்டாது, ஊட்டுவிப்பவன் இறைவன். அவன் தொழிலைத் தனக்கு உரிமையாக்கிக்கொண்டு, பிறர் வினையை நானே ஊட்டினேன் என்று கூற வஞ்சகனுக்கு எந்நூலும் இடந்தரவில்லை. அன்றியும், கேட்டைக் கண்டு தடுத்தலும் தடாது இருத்தலும் காண்பானுக்கு ஆகாமியமாய் ஏறும் வினைகளேயாம். திருஞானசம்பந்தப் பெருமான் கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைப் பனிப்பிணி வருத்தியபோது, வினைப்பயனென்று வாளா இருந்தாரல்லர்; திருநீலகண்டப் பதிகம் அருளி அப்பிணியை அந்நாட்டினின்றும் அகற்றினார். வினையென்று சோர்ந்திருத்தல் அடியார்க்கு இழுக்கென்பது அப்பதிகம் ஓதுவார் அறிந்ததே. ஓதியும் ஒழுகாமை யாது பயன்!

மெய்ப்பொருளார் முத்தநாதனைப் பொறுத்துத் தத்தனைக் காவலாக்கி அனுப்பினாரே. வஞ்சகரைப் பொறுத்தலன்றோ சைவநெறி எனின், அதுவும் பொருந்தாது. அவர் பொறுத்தது தம்முயிர்க்கு நேர்ந்த தீங்கை. திருவேடத்தின் சிறப்பைக் காத்தற்பொருட்டுத் தம்மையே கொடுத்தார். பிறர்க்கு நேர்ந்த இழப்பைப் பொறுத்தற்கு எவர்க்கும் உரிமையில்லை. தனக்கு வரவேண்டிய கடனை விடுப்பான் வள்ளல். பிறனுக்கு வரவேண்டியதை விடுப்பான் கள்வனுக்குத் துணை. முத்தநாதன் வாயிலில் நின்றபோது, பெருமான் துயில்கின்றார், நேரமறிந்து செல்க என்று தத்தன் தடுத்தமையும் சரிதத்தில் உள்ளது. அன்பு பொறுக்க, காவல் விழித்திருக்க. இரண்டும் சைவமே.

சைவர் கடன்

அரசு செய்யத்தக்கன மேற்கூறியவற்றால் தாமே விளங்கும். அளப்போனின் கூலி அளக்கப்படுவோன் கையினின்று வருதல் ஒழிதல் வேண்டும். தன் சரக்கின் தீங்கை அறிந்தும் மறைத்தோர் தம் கையிலிருந்தே தண்டம் செலுத்துதல் வேண்டும். கம்பெனியின் பெயர் அவர்க்குக் கவசமாதல் கூடாது. சோதனை, வண்டி ஓடும் சாலையிலேயே நிகழ்தல் வேண்டும்.

அரசு செய்யுங்காறும் சைவர் செய்யத்தக்கது ஒன்று உண்டு. அது பிறர் செய்யமாட்டாதது. திருநீறும், திருக்கோயிலும், மடமும், சமயப் பத்திரிகையும் மக்கள் உள்ளத்தில் உரையளவையின் மதிப்புப் பெற்றவை. அம்மதிப்பு அடியார் பலர் தலைமுறை தலைமுறையாக வாய்மையால் ஈட்டிவைத்த முதல். குறுகிய காலத்தில் முதலை இரட்டித்துத் தருவதாகக் கூறுவாரின் விளம்பரம் விழாமலரில் இறைவன் திருவுருவத்தின் கீழ் அச்சிடப்படுமாயின், அம்மலரைக் கையிலேந்திய விதவையொருத்தி நம்புவது அவ்வணிகனையன்று, அத்திருவுருவத்தையே. பொருள் வந்த வழி வினவாது கோபுரத் திருப்பணிக்கு அவனிடம் நன்கொடை பெற்று, பரிவட்டம் கட்டி, மாலையிட்டுப் படம் எடுத்து வெளியிடுவார், தாம் வாங்கியது நன்கொடையென்று எண்ணுகின்றனர். உண்மையில் தாம் சான்றிதழ் ஒன்று விற்றனர். மேடாப்பின் கொடை பெற்ற அறநிலையங்களும் அவ்வாறே எண்ணியிருந்தன.

ஆகவே, விளம்பரம் தரும் பொருளின் உண்மை அறியப்படாவிடத்து அதனை மறுத்தலும், வந்த வழி தெரியாப் பொருளைத் திருப்பணிக்குக் கொள்ளாது விடுத்தலும், வஞ்சம் கண்டவிடத்து அஞ்சாது எடுத்துரைத்தலும் சைவ நிறுவனங்களின் கடமையாம். இதனாற் சில மலர்கள் மெலியும். சில கோபுரங்கள் தாழ்ந்து நிற்கும். நிற்க. அமர்நீதியார் தராசின் ஒரு தட்டில் தம்மையும் தம் மனைவியாரையும் மகனையும் வைத்தாரேயன்றி, தராசைத் திரித்தாரல்லர். வாங்குவோன் கையில் எஞ்சியிருக்கும் அளவை உரையொன்றே. அதனையும் விற்றுவிடின், பின்னர் இச்சைவர் கூறும் மெய்ப்பொருளையும் விளம்பரத்துள் ஒன்றென்றே உலகம் கொள்ளும் என்க.